காற்றுக்குக் கதவடைப்பு!

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி மேற்கே வருகிறவரை வரவேற்பது யார்? காற்றாலைகள்! வானளாவ நின்று, மூன்று கைகளையும் விரித்து, சுழன்று சுழன்று வரவேற்கின்றன. தேனியைக் கடந்து, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கின் கோடிக்குச் சென்றால் லோயர் கேம்ப். மலையிலிருந்து சரிந்து இறங்கும் நான்கு பெருங்குழாய்களைக் காணலாம். 1895-ல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் நீர் அந்தக் குழாய்களில் பாய்ந்து, 1958 முதல் மின்சாரமாகி நாட்டுக்குப் போகிறது.

காற்றும் இங்கே. நீரும் இங்கே. இரண்டிலிருந்தும் பிறக்கும் மின்சாரமும் இங்கே. இத்தனையும் இருந்தும் இந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளை, கல்லூரி வகுப்பறையில் அமர்ந்து, நோட்டுப் புத்தகத்தை விசிறியாக்கி, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி பாடம் கேட்கிறானே, ஏன்?

வெளியே வீசும் காற்றைச் சுவர் எழுப்பித் தடுக்கிறோம். தடுத்த காற்றையே காற்றாலையில் பிடித்து, மின்சாரமாக்கி, கம்பியில் ஏற்றி, மீட்டர் வழியாக உள்ளே அழைத்து, விசிறியைச் சுழற்றி, 'அப்பாடா, காற்று வந்தது!' என்று பெருமூச்சு விடுகிறோம். வாசலில் வந்து நின்ற விருந்தாளியை விரட்டிவிட்டு, வாடகைக் காரில் அவரையே திரும்ப அழைத்து வருகிற கதை இது!

ஆலை முதலாளி, தொழிலாளியை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினால் அதற்குக் கதவடைப்பு என்று பெயர். தோழர்களுக்கு நன்கு பழக்கமான சொல். உழைக்க வந்தவனை உள்ளே விடாத கொடுமை அது. நம் பொதுக் கட்டடங்களில் காற்றுக்கு நேர்வதும் அதுவே. கூலி கேட்காமல் உழைக்க வந்த காற்று வெளியே நிற்கிறது. கட்டணம் கேட்கும் மின்சாரம் உள்ளே நுழைகிறது!

ஒரு நண்பகல் காட்சி

சித்திரை மாதம். நண்பகல் தாண்டி இரண்டு மணி. மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில், மாணவர் மன்ற விழாவில் பேசப் போயிருந்தோம். கல்லூரியின் பெயர் வேண்டாம். அந்தக் குறை ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியதல்ல.

மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டைத் தளம். அதற்கு மேல் சூரியன்! அறையில் அறுபது பேருக்கு மேல். மேற்குப் பக்கம் அகன்ற கண்ணாடி சன்னல்; ஆனால் நகர்த்தித் திறக்கும் வகை. ஒரு பாதியைத் திறந்தால் அது மற்றப் பாதியின் மேல் போய் உட்காரும். ஆக, சன்னல் முழுதாகத் திறந்திருக்கும் நேரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. எதிர்ச் சுவரில் ஒரே ஒரு கதவு. கூரையை ஒட்டி, சூடு வெளியேற வெண்டிலேட்டர் இல்லை. நம் தாத்தா காலத்துப் பள்ளிக்கூடத்திலே அது இருந்தது! தலைக்கு மேல் நான்கு விசிறிகள் சுழன்றன. கூரையின் சூட்டை எடுத்துத் தலையில் இறைத்தன.

பேச்சைத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகவில்லை. பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. கீழ மரத்தடிக்குப் போயிருவமா?" என்றார். அறை முழுதும் கைதட்டல்! நம் பேச்சுக்கு அவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை.

போனோம். வேப்பமரத்தடி. அங்கே காற்று இருந்தது! மாடியறையிலிருந்து நூறடிகூட இல்லை. மரத்துக்கு வரைபடம் போட்டவர் யாருமில்லை, ஒப்பந்தப் புள்ளி கோரவில்லை, அடிக்கல் நாட்டவில்லை. ஆயினும் கட்டடம் செய்யத் தவறியதை மரம் செய்தது.

விழா முடிந்ததும் அலுவலக அறையில் தேநீர் தந்தார்கள். குளிரூட்டிய அறை. உபசரித்தவர்கள் நல்லவர்கள், அவர்களைக் குறைகூற நாம் எழுதவில்லை. ஆனால் அந்தக் குளிரில் உட்கார்ந்தபோது ஒரு கேள்வி மட்டும் சுட்டது: இந்தக் கட்டடம் யாருக்காகக் கட்டப்பட்டது?

யார் தலையில் விழுகிறது?

"நாட்டிலே எத்தனையோ பிரச்சினை. சன்னலைப் பற்றி எழுத வந்துவிட்டார்களா?" என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். பிறகு சற்றே சிந்திக்கட்டும்.

கல்வி எட்டாக்கனியாக இருந்த பள்ளத்தாக்கு இது. 1956-ல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த இராவுத்தர் ஹவுதியா கல்லூரி எழுந்தது. 1990-ல் பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி. 1996-ல் தேனி தனி மாவட்டம். பிறகு க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி. 2012-ல் போடிநாயக்கனூரில் அரசுப் பொறியியல் கல்லூரி. 2019-ல் அரசு சட்டக் கல்லூரி. 2020-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி. படிக்கட்டுப் படிக்கட்டாக ஏறி வந்திருக்கிறோம். இந்தக் கட்டடங்களில் எதையும் இடித்துரைப்பது நம் நோக்கமன்று. இனி கட்டப்போகும் கட்டடங்களைப் பற்றியே பேசுகிறோம்.

இந்தக் கல்லூரிகளுக்கு வருகிறவர் யார்? விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைக்கு அப்பால் ஏலத் தோட்டத்துக்குப் போகிற தாயின் மகள். திராட்சைப் பந்தலின் கீழ் முதுகு வளைந்த தந்தையின் மகன். குடும்பத்திலே முதன்முதல் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வீட்டிலே தகரக் கூரை. அங்கே படிக்க முடியாது. கல்லூரியிலே காங்கிரீட் கூரை, அங்கேயும் வேகிறது! பிறகு எங்கேதான் படிப்பான் அந்தப் பிள்ளை?

வசதி படைத்தவன் பிள்ளைக்கு, தனியார் நிறுவனத்தில் குளிரூட்டிய வகுப்பு கிடைக்கும். வசதியற்றவன் பிள்ளைக்குக் குளுமை கிடைக்க வேண்டுமானால், அது கட்டடத்திலேயே இருக்க வேண்டும். சுவரில் இருக்க வேண்டும். கூரையில் இருக்க வேண்டும். ஆகவே இது சன்னல் பிரச்சினை அல்ல. சமத்துவப் பிரச்சினை.

சூடு எந்த வழியாக வருகிறது?

திருடன் எந்த வழியாக வந்தான் என்று தெரிந்தால்தான் அந்த வழியை அடைக்க முடியும். சூடு மூன்று வழியாக வருகிறது.

முதல் வழி, கூரை. தேனி, பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும், உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. அந்த மாதங்களில் சுவரைவிடக் கூரையே அதிக வெயில் குடிக்கிறது. பகலெல்லாம் குடித்த சூட்டை மாலையிலும் இரவிலும் அறைக்குள் கக்குகிறது. விடுதியில் மேல்மாடி மாணவன் இரவு பத்து மணிக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவது இதனால்தான்.

இரண்டாவது வழி, மேற்குச் சுவர். மாலைச் சூரியன் தாழ்ந்து வருகிறது. சன்னலுக்கு மேலே எவ்வளவு நீளமாகச் சாய்ப்பு வைத்தாலும் அதன் அடியில் புகுந்து வந்துவிடுகிறது. தெற்குச் சூரியன் அப்படியல்ல. அவனை எளிதில் தடுக்கலாம். மார்கழி நண்பகலில்கூட, மூன்றடிச் சாய்ப்பு ஒன்று நாலரை அடி உயரச் சன்னலுக்கு நிழல் தந்துவிடும். ஆகவே கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் தெற்கும் வடக்கும் பார்க்க வேண்டும்; குறுகிய பக்கங்கள் கிழக்கும் மேற்கும் பார்க்க வேண்டும். காசு செலவில்லாத சிக்கனம் இது. வரைபடத் தாளைச் சற்றுத் திருப்பி வைத்தால் போதும்!

மூன்றாவது வழி, கண்ணாடி. குளிர்நாட்டில் சூரியனை வீட்டுக்குள் அழைக்கக் கண்ணாடிச் சுவர் வைத்தார்கள். அவர்களுக்கு அது தேவை. நாம் அதைப் பார்த்து, 'ஆகா, நாகரிகம்!' என்று நகல் எடுத்தோம். வெயிலை வெற்றிலைப் பாக்கு வைத்து அழைத்துவிட்டு, பிறகு அதை விரட்ட இயந்திரம் வாங்குகிறோம்.

இவை போதாவென்று உள்ளேயே ஓர் அடுப்பு எரிகிறது. அமைதியாக அமர்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அறுபது பேர் என்றால் 6,000 வாட். ஆறு மின் இஸ்திரிப் பெட்டிகளை வகுப்பில் சூடேற்றி வைத்தது போல! அந்தச் சூடு மேலெழும்பி வெளியேற, உயரத்தில் திறப்பு வேண்டும். புதுக் காற்று நுழைய, தாழ்வில் திறப்பு வேண்டும். ஒரு சுவரில் நுழைந்து எதிர்ச் சுவரில் வெளியேற வழி வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சன்னல் வைத்த அறை, மூக்கு இருந்தும் மூச்சு விடாத உடலைப் போன்றது.

காற்று எந்த மூலையிலிருந்து வருகிறது?

நம் பள்ளத்தாக்கு கூடலூரில் தொடங்கி, வடகிழக்காகத் தேனி நோக்கி விரிகிறது. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. இரு மலைகளுக்கிடையே தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கி அடித்துக்கொண்டு வருகிறது. கம்பம் கணவாய்க் காற்று என்றால், காற்றாலை முதலாளிகளுக்கு நாவில் நீர் ஊறும்! தமிழ்நாட்டின் பெருங்காற்று வழிகளில் ஒன்று அது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை இங்கே யாரும் உயர்வு நவிற்சி என்று எண்ணமாட்டார்கள்.

காற்று வருவது தென்மேற்கிலிருந்து. ஆனால் கட்டடம் கட்டும்போது நாம் பார்ப்பது என்ன? வாஸ்து! தென்மேற்கைக் கன்னிமூலை என்கிறார்கள். அங்கே கனமாகக் கட்டு; அடைத்துக் கட்டு; திறப்பு வைக்காதே என்கிறார்கள். நம் ஊரின் காற்று வாசலே கன்னிமூலைதான்! எந்த மூலையில் எந்தத் தேவன் குடியிருக்கிறான் என்று கேட்கிறார்கள். எந்த மூலையிலிருந்து காற்று வருகிறது என்று கேட்க ஆளில்லை. திசைகாட்டும் கருவி கையில் இருக்கிறது. பஞ்சாங்கம் பார்க்கத்தான் அதைப் பயன்படுத்துகிறோம்!

'காற்றும் தென்மேற்கு, மாலை வெயிலும் மேற்கு. காற்றுக்குத் திறந்தால் வெயிலும் வருமே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடையும் இருக்கிறது. காற்று சுவரில் நேர்க்குத்தாக மோத வேண்டியதில்லை. 45 பாகை சாய்வாக வந்தாலும் அறைக்குள் நன்றாகவே புகும் என்பது கட்டடக் கலையின் பாலபாடம். ஆகவே நீண்ட பக்கம் தெற்கு நோக்கி இருந்தாலே தென்மேற்குக் காற்றை ஏந்திக்கொள்ளலாம். சன்னலின் பக்கத்தில் செங்குத்தாக ஒரு தடுப்புச் சுவர் நீட்டினால், அது காற்றை உள்ளே திருப்பிவிடும். மேற்குப் பக்கம் படிக்கட்டும் கழிப்பறையும் பண்டக அறையும் வைத்தால், மாலை வெயிலை அவை தாங்கிக்கொள்ளும். வகுப்பறை தப்பிக்கும்.

மலைக்கு அப்பால் ஒரு மனிதர்

'இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்' என்பார்கள். ஏட்டில் மட்டும் இல்லை, நாட்டிலும் இருக்கிறது. தூரதேசம் போக வேண்டாம். கம்பத்திலிருந்து மலையேறினால் குமுளி. அதற்கும் அப்பால் இடுக்கி மலைகளிலே வாகமண். 1963-ல் ஓர் ஆங்கிலேயர் அங்கே வந்து குடியேறினார். மனைவி மருத்துவர், மலைமக்களுக்கு மருத்துவம் பார்த்தார். கணவர் கட்டடக் கலைஞர். பெயர் லாரி பேக்கர். 1917-ல் பிறந்தவர், 2007-ல் மறைந்தார்.

இங்கிலாந்துக்காரர் ஆயினும் கண்ணாடி மாளிகையைக் கொண்டுவரவில்லை. நம் மண்ணின் செங்கல்லைக் கையில் எடுத்தார். கொத்தனாரின் கைத்திறனைக் கண்ணெடுத்துப் பார்த்தார். திருவனந்தபுரம் உள்ளூரில் பொருளியல் அறிஞர் கே.என்.ராஜ் உருவாக்கிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு, 1970களில் ஒரு கல்வி வளாகமே கட்டிக் கொடுத்தார். அப்போது அங்கே முதலமைச்சர் அச்சுத மேனன்.

அந்த வளாகத்தில் சன்னல் இருக்க வேண்டிய பல இடங்களில் துளைச்சுவர்! செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, சுவரையே சல்லடையாக்கினார். வெயில் சிதறி, வெளிச்சம் மட்டும் வருகிறது. காற்று இரவும் பகலும் தடையின்றி வருகிறது. மேட்டு நிலத்தை வெட்டிச் சமன் செய்யாமல், மேட்டின் போக்கிலே கட்டடத்தை வளைத்தார். நின்ற மரத்தை வெட்டாமல் சுவரை ஒதுக்கினார்.

கொத்தனார் தோழர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு வித்தைகள் அவரிடம் உண்டு. ஒன்று, எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவருக்குள்ளே வெற்றிடம் விழும். ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று, வெளிச்சூட்டை மெதுவாக்கும். மற்றொன்று, ஓடு பதித்த கூரை. காங்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் பளுவை இழுத்துப் பிடிப்பது கம்பி. அங்கேயுள்ள காங்கிரீட்டுக்கு அவ்வளவு வேலை கிடையாது. வேலையற்ற இடத்தில் காங்கிரீட்டைக் குறைத்து, பழைய மங்களூர் ஓட்டைப் பதித்தார். சிமெண்டும் மிச்சம், சூடும் மட்டு.

இதிலே பாட்டாளிக்கு ஒரு பாடம் இருக்கிறது. கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் குளிர்சாதனத்துக்கும் கொட்டுகிற பணம், ஊரைவிட்டுப் போய்விடுகிறது. செங்கல் கட்டுமானத்துக்குக் கொடுக்கும் பணம், காளவாசல் தொழிலாளிக்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலியாகி, இந்தப் பள்ளத்தாக்குச் சந்தையிலேயே சுற்றுகிறது. பொருளுக்குக் கொடுப்பதைக் குறைத்து, உழைப்புக்குக் கொடுப்பதைக் கூட்டு! பேக்கர் கட்டடத்தின் பொருளாதாரம் இதுதான்.

சான்றிதழும் சன்னலும்

பெரும் கட்டடங்களிலும் சிக்கனம் செய்யலாம் என்பதற்குச் சென்னைக் கோட்டூர்புரம் சாட்சி. 2010 செப்டம்பர் 15-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம், பசுமைக் கட்டடத்துக்கான 'லீட்' தங்கச் சான்று பெற்றது. ஐதராபாத்தில் 2004-ல் திறக்கப்பட்ட பசுமை வணிக மையம், அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதல் 'லீட்' பிளாட்டினச் சான்று பெற்ற கட்டடம். அங்கே காற்றுக் கோபுரங்கள் வைத்து, வெளிக்காற்றை முன்கூட்டியே குளிர்வித்து, பிறகு இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். நல்ல முயற்சிகள், பாராட்டுகிறோம்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இலட்சக்கணக்கான நூல்களைப் பாதுகாக்கும் தலைநகர் நூலகத்துக்கு வேண்டியது வேறு. மலையடிவாரத்துக் கல்லூரி வகுப்பறைக்கு வேண்டியது வேறு. இயந்திரத்தைச் சிக்கனமாக ஓட்டுவது ஒரு சிக்கனம். இயந்திரமே வேண்டாதபடி கட்டுவது தலையாய சிக்கனம். வாசலில் பதிக்கும் சான்றிதழ் பார்வையாளருக்கு; சுவரில் வைக்கும் சன்னல் மாணவனுக்கு!

கணக்கைப் பார்ப்போம்

உணர்ச்சி போதாது, கணக்கும் வேண்டும். நூறு அறைகள், அறைக்கு நான்கு விசிறிகள் கொண்ட கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். 400 விசிறிக்கு 30 கிலோவாட். எட்டு மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு 240 யூனிட். 'பி.எல்.டி.சி.' எனப்படும் புதுவகை விசிறி ஏறத்தாழ 30 வாட்தான் இழுக்கும். அதே வேலைக்கு 96 யூனிட். ஒரு நாளில் 144 யூனிட் மிச்சம். 200 வேலைநாளில் 28,800 யூனிட் மிச்சம்.

இனி, இதே அறைகளில் குளிர்சாதனம் வைத்துப் பார்ப்போம். ஒன்றரை டன் இயந்திரம் ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் குடிக்கிறது. பழைய விசிறி இருபதுக்குச் சமம்! அறுபது பேர் அறைக்கு மூன்று இயந்திரமாவது வேண்டும். நூறு அறைக்கு 450 கிலோவாட். விசிறிக்கு 30, குளிர்சாதனத்துக்கு 450. பதினைந்து மடங்கு! ஏழை மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் எந்தக் கல்லூரி இதைத் தாங்கும்?

கூரைமேல் சூரியத் தகடு பதிக்கலாம், பதிக்க வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி. நாளொன்றுக்கு நான்கு யூனிட் வரை தரும். ஐயாயிரம் சதுர அடிக் கூரையில் 50 கிலோவாட். நாளுக்கு 200 யூனிட். புதுவகை விசிறிகளுக்கு அது போதும், விளக்குக்கும் மிஞ்சும். தகட்டின் நிழலில் கூரையும் குளிரும். ஆனால் தவறாகக் கட்டிய கட்டடத்தின் மேல் தகடு பதித்து, குளிர்சாதனத்தை ஓட்டுவது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய கிணறு வெட்டுவது போன்றது. முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்.

மீட்டரில் ஏறாத கட்டணம்

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2001-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. 2007-ல் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு வந்தது. 2017-ல் அதைப் புதுப்பித்தார்கள். 2022-ல் சட்டத்தையே திருத்தினார்கள். ஆனால் அந்த விதிகளின் பொது வரம்பு என்ன? 100 கிலோவாட் மின்சுமை!

இப்போது நம் கணக்கைத் திரும்பப் பாருங்கள். நூறு அறைக் கல்லூரியின் விசிறிகள் எல்லாம் சேர்ந்து 30 கிலோவாட். விளக்கைச் சேர்த்தாலும் நூறைத் தொடாது. ஆகவே, குளிர்சாதனம் வைத்த வணிக மாளிகை விதிக்குள் வரும். விசிறி மட்டும் வைத்த ஏழைக் கல்லூரிக் கட்டடம் சல்லடையின் துளையில் நழுவிவிடும். அதன் கூரை எப்படி வெந்தாலும், சுவர் எப்படிச் சுட்டாலும், கேட்பாரில்லை.

இதிலே இன்னொரு கொடுமை. மின்சாரத்தை மட்டும் அளந்தால், வெந்து வேகும் அந்தக் கட்டடம் 'சிக்கனமான கட்டடம்' என்று பெயர் வாங்கிவிடும்! மீட்டர் குறைவாகத்தானே ஓடுகிறது? மாணவனின் வியர்வை எந்த மீட்டரில் ஏறுகிறது? பிற்பகல் வகுப்பில் கண் செருகி, புரியாமற்போன பாடம் எந்த ரசீதில் வருகிறது? ஒரு கட்டடத்துக்கு இரண்டு கட்டணம் உண்டு. ஒன்றை அரசு கட்டுகிறது. மற்றொன்றை மாணவன் தன் உடம்பால் கட்டுகிறான். இரண்டையும் குறைப்பதே உண்மையான சிக்கனம். ஒன்றைக் குறைத்து மற்றொன்றை மாணவன் தலையில் ஏற்றுவது சிக்கனமல்ல, சுரண்டல்!

2022 திருத்தம் ஒரு வழி திறந்திருக்கிறது. மின்சுமை வரம்பை மாநில அரசு குறைத்துக்கொள்ளலாம். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, அரசுக் கல்விக் கட்டடங்களுக்கு மின்சுமை எவ்வளவாயினும் கூரைக்கும் சுவருக்கும் காற்றோட்டத்துக்கும் விதி வேண்டும் என்று கேட்கிறோம். மாநில உரிமை என்று மேடைதோறும் முழங்குகிறோமே, கையிலிருக்கும் உரிமையைப் பயன்படுத்துவதும் அந்த முழக்கத்தின் பகுதிதான்.

மறுப்பார்க்கு மறுமொழி

'மாதிரி வரைபடப்படிதானே கட்ட முடியும்?' என்பார்கள் பொறியாளர்கள். மாதிரி வரைபடம் வேலையை விரைவாக்கும், ஒப்புகிறோம். ஆனால் சென்னைக் கடற்கரைக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் ஒரே சட்டை பொருந்துமா? அளவு ஒன்றாக இருக்கட்டும்; திசையும் திறப்பும் அந்தந்த ஊர்க் காற்றுப்படி இருக்கட்டும்.

'துளைச்சுவர் வைத்தால் சாரலும் தூசும் கொசுவும் வருமே?' வரும். ஆகவே ஆடிச் சாரல் அடிக்கும் பக்கத்தில் ஆழமான தாழ்வாரம் வேண்டும், வலை வேண்டும், வகுப்புக்குத் திறந்து மூடும் மரக்கதவு வேண்டும். துளைச்சுவரைத் தாழ்வாரத்துக்கும் படிக்கட்டுக்கும் வைக்கலாம். 'எலிப்பொறிக் கட்டுக்குத் தேர்ந்த கை வேண்டுமே?' உண்மை. நல்ல செங்கல்லும் வேண்டும். பலம் தேவைப்படும் இடத்தில் கம்பியும் வேண்டும். தேர்ந்த கை பயிற்சியால் வருவது. நம் தொழிற்பயிற்சி நிலையங்கள் எதற்காக இருக்கின்றன?

'குளிர்சாதனமே கூடாதா?' அப்படிச் சொல்லவில்லை. அறுவை அரங்குக்கு வேண்டும். மருந்துக் கிடங்குக்கு வேண்டும். சில ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டும். தேவைப்படும் இடத்தில் இருக்கட்டும். பதவியின் அடையாளமாக இருக்க வேண்டாம்!

கேளுங்கள், தோழர்களே!

படிப்பகத்திலும் டீக்கடையிலும் இந்த ஏட்டைப் பிரித்துப் படிக்கும் தோழர்களே! உங்கள் ஊரில் பள்ளிக்கோ கல்லூரிக்கோ விடுதிக்கோ புதுக் கட்டடம் வருகிறது என்று கேள்விப்பட்டால், அடிக்கல் நாட்டு விழாவுக்குத் தோரணம் கட்டுவதோடு நிற்காதீர்கள். வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஐந்தே கேள்விகள் கேளுங்கள்.

நீண்ட பக்கம் எந்தத் திசை பார்க்கிறது? ஒவ்வொரு வகுப்பறைக்கும் எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு உண்டா? கூரைக்கு வெப்பத் தடுப்பும் வெள்ளைப் பூச்சும் மதிப்பீட்டில் சேர்ந்திருக்கின்றனவா? சன்னல் முழுதாகத் திறக்குமா? நிற்கிற மரங்களில் எத்தனை பிழைக்கும்?

இவற்றைக் கேட்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. வெயிலில் நின்று உழைத்தவனுக்கு நிழலின் அருமை தெரியும். அந்தப் பட்டம் போதும். போடிப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஒரு வெப்பமானியைக் கையில் எடுத்துக்கொண்டு, மாவட்டத்து அரசுப் பள்ளிகளின் மேல்மாடி அறைகளை அளந்து எழுதட்டும். அந்தக் கணக்கை ஆட்சியர் மேசையில் வைக்கட்டும். அதைவிடச் சிறந்த பாடம் எந்தப் பாடநூலில் இருக்கிறது?

அடுத்த ஆடியிலும் காற்று வரும். கூடலூரில் நுழைந்து, கம்பத்துத் தென்னைகளை உலுக்கி, சின்னமனூர் வயல்களில் அலையெழுப்பி, தேனி வரை ஓடி வரும். காற்றாலைக்காரர் அதற்காகக் கோபுரம் கட்டிக் காத்திருப்பார். நம் பிள்ளைகள் படிக்கும் கட்டடமும் காத்திருக்குமா, கதவைச் சாத்திக்கொண்டு நிற்குமா?

கதவடைப்பை எதிர்த்துப் போராடிப் பழகியவர்கள் நாம். காற்றுக்கான கதவடைப்பையும் உடைப்போம். சன்னலைத் திறக்கச் சொல்வோம்!